மணியோடரும் கண்ணிக் கப்பலும்



மலாயாவிலிருந்து மாதாமாதம் வந்துகொண்டிருந்த மணியோடர் 1942இல் நின்றுபோன கதை எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் எத்தனை வீடுகளில் இருக்கிறது! காரைநகர், வட்டுக்கோட்டை, அளவெட்டி, தெல்லிப்பழை, மானிப்பாய் என்று எந்தப் பக்கம் போனாலும் முகப்பு வைத்த ஒரு பழைய கல்வீடு நிற்கும். யார் கட்டியது என்று கேட்டால் "மலாயாக் காசு" என்பார்கள். அம்மப்பா செரம்பானில் ஸ்டேஷன் மாஸ்டர், பெரியையா கோலாலம்பூரில் கிளாக்கர், அவருடைய தம்பி தைப்பிங் ஆஸ்பத்திரியில் டிரெசர். மிஷன் பள்ளிக்கூடத்து இங்கிலீசும் ஒரு றங்குப்பெட்டியும் கொண்டு கப்பலேறிய பரம்பரை அது.

அந்தக் காசு ஏன் நின்றது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். "யப்பான்காரன் பிடிச்சிட்டான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

ஊரைப் பிடிக்கலாம், சரி. ஒரு கடலை எப்படிப் பிடிப்பது? வங்காள விரிகுடாவுக்கு வேலி போட ஏலுமா? இந்தக் கேள்வி கொஞ்ச நாளாக என் மண்டைக்குள் நின்றது. தேடிக்கொண்டு போனபோது கையில் அகப்பட்டவை மூன்று சின்னக் கப்பல்கள். அவற்றின் கதையைத்தான் இந்த மாதம் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். போர்க்கப்பல் கதை எங்களுக்கு எதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். சுற்றிச் சுற்றி எங்கள் படலையடிக்குத்தான் வந்து சேரும்.

இலங்கையில் யப்பான் என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது 1942 ஏப்ரல். 5ஆம் திகதி, ஈஸ்டர் ஞாயிறு காலையில் கொழும்பில் குண்டு. 9ஆம் திகதி திருகோணமலையில் குண்டு. அன்றைக்கே மட்டக்களப்புக் கடலில் பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ் மூழ்கியது. பாடப்புத்தகத்திலும் இருக்கிறது, பத்திரிகைகளும் ஏப்ரல் வந்தால் எழுதும். ஆனால் அந்தக் குண்டைப் போட்ட அட்மிரல் நகுமோவின் பெரிய கப்பற்படை எத்தனை நாள் எங்கள் பக்கக் கடலில் நின்றது? சில நாட்கள்தான். அடித்துவிட்டுப் போய்விட்டது.

போகாமல் நின்றவை சிறிய கப்பல்கள். கடலில் கண்ணிவெடி போடுகிறவை, வலை கட்டுகிறவை, சரக்குக் கப்பலுக்குக் காவல் போகிறவை. புகழும் இல்லை, படமும் இல்லை. ஒரு கடலை வருஷக்கணக்காகப் பூட்டி வைப்பது இப்படியான கப்பல்களின் வேலைதான்.

ஜப்பானியக் கடற்படைக்குக் கண்ணிவெடியின் அருமை 1904இலேயே தெரிந்துவிட்டது. ரஷ்யாவோடு போர். அந்த வருஷம் ஏப்ரலில் போர்ட் ஆர்தர் துறைமுக வாசலில் ஜப்பான் போட்ட கண்ணியில் மோதி ரஷ்யக் கொடிக்கப்பல் மூழ்கியது. அட்மிரல் மக்காரோவும் அதோடு போனார். ஒரு மாதம் கழித்து ரஷ்யா போட்ட கண்ணியில் ஜப்பானின் இரண்டு பெரிய போர்க்கப்பல்கள் ஒரே நாளில் போயின. கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய கப்பலை ஒரு இரும்புக் குண்டு முடித்துவிடும் என்ற பாடத்தை இரண்டு பக்கமும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தன.

அதன் பிறகு ஜப்பான் கண்ணி போடவென்றே கப்பல்கள் கட்டத் தொடங்கியது. பெரிது, சிறிது என்று பல வகை. 1930களின் கடைசியில், அடுத்த போர் வரும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்த நேரத்தில், ஹரிமா கப்பல் கட்டும் தளத்தில் ஒரே அச்சில் நான் சொன்ன மூன்று கப்பல்களும் உருவாயின. ஹத்சுதாகா 1939இல் முடிந்தது. ஆவோதாகா 1940இல். மூன்றாவது வாகதாகா முடிந்தது 1941 நவம்பர் கடைசியில். போர் தொடங்க ஒரு கிழமைதான் இருந்தது. தொண்ணூறு மீற்றர் நீளம், ஆயிரத்து அறுநூறு தொன் அளவு, வேகம் இருபது நொட். போர்க்கப்பல் கணக்கில் இது பொடியன்.

ஒவ்வொன்றும் நூறு கண்ணிகள் போல ஏற்றும். அல்லது கண்ணிக்குப் பதிலாக இரும்பு வலை ஏற்றும். கடற்கரைப் பக்கத்து வாசகர்கள் இந்த வலையை இலகுவில் விளங்கிக்கொள்வார்கள். எதிரியின் நீர்மூழ்கி, கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்கிற இடத்துக்குள் நுழையாதபடி மிதப்புக் கட்டித் தொங்கவிடுகிற வலை அது. புதிதாக ஒரு துறையைப் பிடித்ததும் இந்தக் கப்பல் ஓடிவந்து சுற்றி வலையைக் கட்டிவிடும். பிறகு உள்ளே நிற்கிறவர்கள் நிம்மதியாக நித்திரை கொள்ளலாம்.

கண்ணி எப்படி வேலை செய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பார்த்தால் ஒரு பெரிய இரும்புக் கோளம். மேலே சின்னக் கொம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே வெடிமருந்து, மிச்சம் காற்று. அதனால் மிதக்கப் பார்க்கும். கீழே ஒரு பாரமான நங்கூரப்பெட்டி கடலடியில் இருந்து கம்பியால் இழுத்துப் பிடித்திருக்கும். வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டம் நூலை இழுத்துக்கொண்டு காற்றில் நிற்குமே, அப்படித் தண்ணீருக்குள் நிற்கும், மேற்பரப்புக்குச் சில மீற்றர் கீழே. கப்பலின் பின்பக்கத்தில் தண்டவாளம் போட்டிருப்பார்கள். கண்ணிகளை அதில் உருட்டி ஒவ்வொன்றாகக் கடலில் விழுத்திக்கொண்டு போவார்கள். ஒரு கப்பல் வந்து கொம்பில் இடித்தால் உள்ளே இருக்கிற கண்ணாடிக் குழாய் உடையும், அமிலம் ஊறி மின்சாரம் பிறக்கும், அவ்வளவுதான்.

அந்தக் கொம்பு ஆளைப் பார்க்காது. போர்க்கப்பலா, அரிசிக் கப்பலா, மீன்பிடி வள்ளமா என்று அதற்குத் தெரியாது. போர் முடிந்துவிட்டதா என்பதும் தெரியாது. 1907இல் ஹேக் நகரத்தில் கூடி, கம்பி அறுந்து மிதக்கிற கண்ணி தானாகச் செயலிழக்க வேண்டும் என்று நாடுகள் ஒப்பந்தம் எழுதின. காகிதத்தில் வடிவாகத்தான் இருக்கிறது.

எங்கள் ஆட்கள் இருந்த மலாயாக் கடலுக்கு வருவோம். அங்கே ஜப்பானின் முதல் கண்ணி போர் தொடங்கிய பிறகு விழவில்லை. 1941 டிசம்பர் 6ஆம் திகதி இரவு, மலாயாவில் போர் இன்னும் தொடங்காத நேரத்தில், தத்சுமியா மாரு என்ற கப்பல் மலாயாவின் கிழக்குக் கரைக்கு அப்பால் தியோமான் தீவுக்கும் அனம்பாஸ் தீவுகளுக்கும் இடையில் நூற்றுக்கணக்கான கண்ணிகளை விழுத்திவிட்டுப் போனது. அது பிறவியில் சரக்குக் கப்பல். கண்ணி போடுவதற்காக மாற்றியமைத்தது. கோத்தாபாருவில் ஜப்பானியப் படை இறங்கியது அதற்கு ஒரு நாள் போலக் கழித்து.

அந்தக் கண்ணி வயலில் முதலில் மாட்டியவர்கள் டச்சுக்காரர். சிங்கப்பூருக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஓ-16 என்ற நீர்மூழ்கி டிசம்பர் 15ஆம் திகதி இரவு அதில் மோதிப் பிளந்தது. உள்ளே 42 பேர். ஒரே ஒருவர், டி வுல்ஃப் என்ற மாலுமி, ஒரு நாளுக்கு மேலே நீந்தி ஒரு தீவில் கரையேறினார். சில நாட்களில் கே-17 என்ற இன்னொரு டச்சு நீர்மூழ்கியும் அதே பக்கத்தில் போனது. அதில் ஒருவரும் மிஞ்சவில்லை. ஓ-16 கிடந்த இடம் 1995இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. ஐம்பத்து நான்கு வருஷம் அந்த மாலுமிகளின் வீடுகளில் யார் எதைச் சொல்லித் தேற்றியிருப்பார்கள்? காணாமற்போனவர்களைத் தேடி வீதியில் குந்தியிருக்கிற எங்கள் தாய்மாருக்கு இந்தக் கேள்வியை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

மிச்சம் வேகமாக நடந்தது. ஜனவரி 11 கோலாலம்பூர். பெப்ரவரி 15 சிங்கப்பூர். மார்ச் 8 ரங்கூன். மார்ச் 23 அந்தமானில் போர்ட் பிளேயர். நான்கு மாதத்துக்குள் வங்காள விரிகுடாவின் அந்தக் கரை பெரும்பாலும் கைமாறிவிட்டது. எங்கள் மூன்று கப்பல்களும் பிலிப்பைன்ஸ், போர்ணியோ, மலாயா என்று தென்கிழக்காசியக் கடல்களில் வலை கட்டவும் காவல் போகவும் கண்ணி போடவும் திரிந்தன. ஹத்சுதாகாவின் காலம் பெரும்பாலும் மலாயா, சிங்கப்பூர்ப் பக்கத்திலேயே கழிந்தது.

இந்த மூன்று கப்பலும்தான் உங்கள் பெரியையாவின் மணியோடரை நிறுத்தின என்று நான் சொன்னால் அது புளுகு. சிங்கப்பூர் விழுந்த அன்றைக்கே மலாயா எதிரி நாடாகிவிட்டது; தபாலும் வங்கியும் அதோடு நின்றன. ஆனால் திரும்ப அந்தக் கதவு திறக்காமல் மூன்றரை வருஷம் பூட்டி வைத்திருந்தது யார் என்று கேட்டால், பதிலில் இவற்றுக்கும் ஒரு பங்கு உண்டு.

இங்கே என்ன நடந்தது? அரிசியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் இலங்கை சாப்பிட்ட அரிசியில் பெரும் பங்கு பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. ரங்கூன் போனதோடு அரிசியும் போனது. கூப்பன் வந்தது. அதுவரை பலகாரத்துக்கு மட்டும் வீட்டுக்குள் வந்த கோதுமை மா சாப்பாட்டுக்கே வந்து குந்தியது. பாணும் கோதுமை மாப் பிட்டும் எங்கள் காலைச் சாப்பாடாக நிலைத்ததில் இந்தப் போருக்கு இருக்கிற பங்கு பலருக்குத் தெரியாது. பனையும் மரவள்ளியும் குரக்கனும் கைகொடுத்தன. ஒடியல் கூழை இன்றைக்கு ஹோட்டலில் காசு கொடுத்துக் குடிக்கிறோம். அன்றைக்கு அது வீட்டில் வேறு ஒன்றும் இல்லாத நாளின் சாப்பாடு.

கூப்பன் எல்லா வீட்டுக்கும் வந்தது. மலாயாக் காசில் நடந்த வீட்டுக்கு அதற்கு மேலே இன்னொன்றும் வந்தது. மாதம் பிறந்தால் காசு இல்லை. பிள்ளைகளின் பள்ளிக்கூடக் காசு, வளவு வேலைக்காரரின் கூலி, மூத்தவளின் சீதனத்துக்கு என்று பேசி வைத்த தொகை. பெட்டியிலிருந்த நகை அடைவுக்குப் போனது, காணி ஈட்டுக்குப் போனது. மனிசன் உயிரோடு இருக்கிறாரா என்றும் தெரியாது. தாலியோடு இருப்பதா, கழற்றுவதா? மூன்றரை வருஷம் இந்தக் கேள்வியோடு கோயிலுக்குப் போய்வந்த பெண்கள் எங்கள் ஊர்களில் இருந்தார்கள்.

அந்தக் கரையிலும் சுகமில்லை. வாழைமரப் படம் போட்ட ஜப்பானியக் காசு. முதலில் ஒரு நோட்டுக்கு வாங்கிய சாமானுக்குப் பிறகு ஒரு கட்டு நோட்டு. ஜப்பான் சரணடைந்த மறுநாள் அது வெறும் காகிதம். அரிசி அங்கேயும் கடலால் வர வேண்டிய பொருள்தான். தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளரைப் பல்லாயிரக்கணக்கில் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். பாதிக்குப் பாதி திரும்பவில்லை என்று சொல்லுமளவுக்குச் சாவு. எங்கள் பக்கத்துக் கிளாக்கர்மார் சிலரும் மேற்பார்வைக்கென்று அங்கே போய்ச் சேர்ந்தார்கள். அந்தக் கதையைத் தனியாக, ஆறுதலாக எழுத வேண்டும்.

இனிச் சொல்லப்போவது கொஞ்சம் சங்கடமான சங்கதி.

பலாலி விமானத்தளம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படை அமைத்தது. அவர்களுடைய பதிவில் அதன் பெயர் காங்கேசன்துறை. 1944 ஆகஸ்டிலிருந்து அங்கே நின்றவற்றில் ஒன்று பிரிட்டிஷ் விமானப்படையின் 160ஆம் ஸ்குவாட்ரன். லிபரேற்றர் என்ற நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானங்கள். 1945 தொடக்கத்தில் அது மின்னேரியாவுக்கு மாறியது. அந்த வருஷம் அது செய்த முக்கியமான வேலை என்ன தெரியுமா? சுமாத்திரா, மலாயா, சிங்கப்பூர்க் கடல்களில் கண்ணி போட்டது. போய்வர இருபது மணித்தியாலம் போலப் பிடிக்கிற பறப்பு. அதற்கு முன்பே, 1944 ஆகஸ்டில், திருகோணமலை சீனன்குடாவிலிருந்து எழும்பிய அமெரிக்க பி-29 விமானங்களில் சில, சுமாத்திராவின் மூசி ஆற்றில் கண்ணி போட்டுவிட்டு வந்தன.

ஜப்பான்காரன் கப்பலில் கொண்டுபோய்ப் போட்டான், எங்கள் பக்கத்தார் விமானத்தில் கொண்டுபோய்ப் போட்டார்கள். எங்கள் தோட்டங்களுக்கு மேலால் பறந்து பழகிய ஒரு ஸ்குவாட்ரன், எங்கள் பெரியையாமார் வாழ்ந்த ஊர்களுக்கு அரிசி வரக்கூடிய கடல்வழியில் கண்ணி விதைத்தது. கீரிமலையில் குளித்துக்கொண்டிருந்தவர் தலைக்கு மேலே போன விமானத்தைப் பார்த்துக் கைகாட்டியும் இருப்பார். அவருடைய தமையன் அந்தக் கரையில் பட்டினி கிடந்திருக்கலாம்.

பிரிட்டிஷார் செய்தது பிழை என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஜப்பானியப் படைக்குப் போகிற எண்ணெயையும் தளபாடத்தையும் நிறுத்த வேறு வழி குறைவு. போரை முடிக்க அது உதவியிருக்கும். ஆனால் "எதிரி கண்ணி போட்டான், நாங்கள் தப்பினோம்" என்று கதை சொல்ல எங்களால் ஏலாது. இரண்டு பக்கக் கண்ணிக்கும் நடுவில் இருந்தது எங்கள் குடும்பங்கள். இந்த அனுபவம் எங்களுக்கு அதோடு முடியவும் இல்லையே.

மூன்று கப்பல்களுக்கு என்ன ஆனது? ஆவோதாகா 1944 செப்டெம்பர் 26 போர்ணியோப் பக்கத்தில் அமெரிக்க நீர்மூழ்கி பார்கோவிடம் அகப்பட்டு மூழ்கியது. ஹத்சுதாகாவின் கடைசிக் கிழமைகள் சினிமாவுக்கு நிகர். 1945 மே தொடக்கத்தில் தாய்லாந்து வளைகுடாவில் அமெரிக்க நீர்மூழ்கி லகார்ட்டோவை அது மூழ்கடித்ததாகக் கருதப்படுகிறது. உள்ளே 86 பேர், ஒருவரும் மிஞ்சவில்லை. இரண்டு கிழமைக்குள், மே 16, மலாயாவின் கிழக்குக் கரையில் ஹாக்பில் என்ற அமெரிக்க நீர்மூழ்கி ஹத்சுதாகாவை முடித்தது. லகார்ட்டோ கிடக்கிற இடம் 2005இல்தான் தெரியவந்தது. அறுபது வருஷம்!

வாகதாகா மட்டும் தப்பியது. 1947இல் அதை பிரிட்டிஷாருக்குக் கொடுத்தார்கள். அவர்கள் லாபர்னம் என்று பெயர் மாற்றி, சிங்கப்பூரில் கடற்படைத் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுக்க வைத்துக்கொண்டார்கள். மலாயாவைப் பிடித்த நாட்டின் கப்பலில், மலாயாப் பொடியன்கள் கடற்படை வேலை பழகினார்கள். சரித்திரத்துக்கு இப்படி ஒரு பகிடிக் குணம் உண்டு.

1945 செப்டெம்பரில் பிரிட்டிஷார் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் திரும்பப் போனபோது முன்னுக்குப் போனவை கண்ணி வாருகிற கப்பல்கள்தான். கண்ணி எங்கே போட்டிருக்கிறது என்ற விவரத்தைக் கொடுக்க வேண்டும் என்பது, சரணடைந்த ஜப்பானுக்கு நேசப்படை கொடுத்த முதல் கட்டளையிலேயே இருந்தது. போட்டவனுடைய வரைபடம் இல்லாமல் கடலைத் திறக்க ஏலாது. வழி திறந்த பிறகுதான் கப்பல், தபால், காசு எல்லாம். அந்த மாதங்களில் ஊருக்கு வந்த முதல் கடிதங்களைப் பல வீடுகளில் சாமியறையில் வைத்திருந்தார்கள்.

ஜப்பானின் நிலைமை இன்னும் மோசம். போரின் கடைசி மாதங்களில் அமெரிக்க பி-29கள் அந்த நாட்டைச் சுற்றிப் பன்னிரண்டாயிரம் போலக் கண்ணிகளைப் போட்டிருந்தன. ஊரெல்லாம் கண்ணி போட்ட கடற்படை, தன் வீட்டு வாசலைத் துப்புரவாக்க வருஷக்கணக்கில் உழைத்தது. அந்த வேலையில் எழுபதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். போர் முடிந்த பிறகு!

1951 செப்டெம்பரில் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் எங்கள் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தன, ஜப்பானிடம் இலங்கை நட்டஈடு கேட்காது என்று பேசினார். புத்தர் வாக்கை எடுத்துச் சொன்ன அந்தப் பேச்சை ஜப்பானியர் இன்றைக்கும் நன்றியோடு நினைக்கிறார்கள். நல்ல பேச்சு, நல்ல முடிவு. பெரிய மனதும்தான். ஆனால் இலங்கைக்கு என்னென்ன சேதம் என்று அதில் அவர் எண்ணிச் சொன்னவற்றைப் பாருங்கள்: விமானக் குண்டுவீச்சு, பெரும் படைகள் இங்கே தங்கியது, ரப்பர் மரங்களை அளவுமீறிச் சீவியது. மூன்றரை வருஷம் மணியோடர் வராத வீடுகள் அந்தக் கணக்கில் இல்லை. மன்னிக்கிறபோதும் எதை மன்னிக்கிறோம் என்ற பட்டியல் கொஞ்சம் முழுமையாக இருந்திருக்கலாம்.

ஏன் இல்லை? அந்த வீடுகள் எங்கேயும் எழுதப்பட்டிருக்கவில்லை. என் மனத்தை உறுத்துவது இதுதான். ஹத்சுதாகா எந்த நாள் கட்டி முடிந்தது, எந்தத் திகதியில் எங்கே மூழ்கியது என்று இன்றைக்கு எவரும் பார்க்கலாம். 1943 தைப்பொங்கலுக்கு அளவெட்டியில் ஒரு கிளாக்கரின் மனைவி எந்த நகையை அடைவு வைத்தாள்? அது அவளோடு போய்விட்டது. போட்டவன் கணக்கு வைத்திருந்தான். வாங்கியவள் வைக்கவில்லை.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இன்றைய காரணம் ஒன்றும் உண்டு. உள்நாட்டுப் போரில் மிதிவெடி விதைத்த முகமாலையால் போகிறபோது வீதியோரத்தில் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். முகக்கவசமும் பாரமான மேலங்கியும் போட்டு, வெயிலுக்குள் முழங்காலில் இருந்து, ஒரு சாண் மண்ணைச் சுரண்டிப் பார்க்கிற பெண்பிள்ளைகளையும் பார்த்திருப்பீர்கள். அநேகம் பேர் எங்கள் ஊர்ப் பிள்ளைகள், போரில் புருஷனை இழந்தவர்களும் அதில் இருக்கிறார்கள். மிதிவெடி அகற்றும் ஹலோ டிரஸ்ட் 2002இலிருந்து வடக்கில் வேலை செய்கிறது. உள்ளூர் அமைப்புகளும் இருக்கின்றன. 2020இல் முடிந்துவிடும் என்றார்கள், முடியவில்லை. மிதிவெடியைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில்தான் சேர்ந்தது. இந்தத் துப்புரவு வேலைக்குக் காசு கொடுத்துவருகிற நாடுகளில் ஒன்று ஜப்பான். தன் கடலைத் தானே வாரியெடுத்த நாட்டுக்கு அதன் அருமை தெரியும்.

ஒரு வளவில் மிதிவெடி இருக்கிறதா என்று தேடத் தொடங்குமுன் துப்புரவுப் பணியாளர் செய்வது என்ன? ஊராட்களைக் கேட்பார்கள். எந்தக் கிணற்றடியில் பங்கர் இருந்தது? எந்தப் பனை வரிசையோடு மண் அணை போனது? எங்கே மாடு வெடியில் செத்தது? போட்டவர்களின் வரைபடம் எல்லா இடத்துக்கும் கிடைப்பதில்லை. அங்கே ஒரு கிழவியின் ஞாபகம்தான் வரைபடம். வீட்டுக் கணக்குக்கு இவ்வளவு மதிப்பு வேறெங்கே உண்டு?

ஆகையால் வாசகர்களிடம் இரண்டு வேண்டுகோள் வைக்கிறேன், உரிமையோடு.

விடுவித்த காணிக்குத் திரும்பப் போகிறவர்கள், "எங்கட வளவு எங்களுக்குத் தெரியாதா" என்று பற்றைக்கு நெருப்பு வைக்காதீர்கள். முப்பது வருஷம் காணியைப் பிரிந்திருந்தவர்களுக்குத் துப்புரவு முடியும் வரை காத்திருக்கப் பொறுமை வராது, எனக்கு விளங்குகிறது. ஆனால் சந்தேகமான பொருளைக் கண்டால் அப்படியே விட்டுவிட்டு பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள். பழைய இரும்புக்குப் போடலாம் என்று பொடியன்கள் தூக்கிக்கொண்டு வந்தால் அடட்டி வையுங்கள். கேள்வி கேட்டு வருகிற பிள்ளைகளுக்கு ஒரு தேத்தண்ணி கொடுத்து, தெரிந்ததை எல்லாம் சொல்லுங்கள். உங்களுக்கு அற்பமாகத் தெரிகிற ஒரு விஷயம் அவர்களுக்கு ஒரு கால்.

மற்றது மலாயாக் காகிதங்கள். போர் இடப்பெயர்வுகளில் எவ்வளவோ போய்விட்டது, தெரியும். 1995இல் ஒரே இரவில் வலிகாமம் எழும்பி நடந்தபோது யார் பழைய கடிதத்தை எடுத்தார்கள்? ஆனாலும் சில வீட்டு றங்குப்பெட்டிகளில், லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிற பேரப்பிள்ளைகளின் அலுமாரிகளில், ஏதாவது மிஞ்சியிருக்கும். மணியோடர்த் துண்டு, 1945 கடைசியில் வந்த முதல் கடிதம், வாழைமர நோட்டு, அடைவுச் சீட்டு, கூப்பன் புத்தகம். காகிதம் இல்லாவிட்டால் உங்கள் ஆச்சி சொன்ன கதையைப் பெயர், ஊர், வருஷத்தோடு நீங்களே எழுதுங்கள். எழுத்துப் பிழையைப் பற்றிக் கவலை வேண்டாம், திருத்துவதற்குத்தான் நாங்கள் இருக்கிறோம்.

தேடி எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். மூலப் பிரதி வேண்டாம். போட்டோக் கொப்பி அல்லது கைத்தொலைபேசியில் எடுத்த படம் போதும். படம் எடுக்கும்போது பின்பக்கத்தையும் எடுங்கள்; தபால் முத்திரைத் திகதி சிலவேளை அங்கேயும் இருக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்